ஆடுகளமும் அயர்லாந்தும்

வரலாறு என்றவுடன் அரசர், போர், உடன்படிக்கை, ஆண்டு ஆகியவற்றையே மாணவர் பலரும் நினைக்கின்றனர். அவை வேண்டியவையே. எனினும் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யாரோடு கூடினர், யாரை விலக்கினர் என்பவற்றை அறிய அவை மட்டும் போதமாட்டா. மக்கள் உண்ட உணவும், பாடிய பாட்டும், ஆடிய ஆட்டமும் வரலாற்றின் பகுதிகளே ஆகும். அவற்றுள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாட்டின் நெடிய வாழ்வை இளைஞர்க்கு எவ்வாறு விளக்கலாம் என்பதை இன்று கூற விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக அயர்லாந்தைக் கொண்டுள்ளேன்.

அயர்லாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவன் கையில் எந்த மட்டையைப் பிடித்திருக்கிறான் என்பதைக் கண்டே, அவன் எச்சமயத்தான், எக்கட்சியான், எவ்வகுப்பினன் என்று ஊகிக்கத் துணியும் நிலை அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. ஆதலின், ஆட்டத்தின் வழியே சமுதாயத்தைக் காண்பதற்கு அதனினும் ஏற்ற நாடு அரிது.

எல்லா விளையாட்டுக்கும் இருவகை விதிகள் உள்ளன. ஒரு பக்கத்திற்கு எத்தனை பேர், எது வெற்றி, எது பிழை என்று கூறுவது ஒருவகை. இவ்விதிகளை ஆசிரியர் கற்பிக்க வேண்டுவதில்லை. மாணவரே ஆசிரியருக்குக் கற்பிப்பர். மற்றொரு வகை விதி ஆடுகளத்தின் வாயிலில் நிற்பது. யார் உள்ளே வரலாம், யார் வரலாகாது என்று கூறுவது அது. சில வேளைகளில் அது அச்சேறி இருக்கும். பல வேளைகளில் எழுதப்படாமலே நடக்கும். முதல் வகை விதி விளையாட்டைக் காட்டும். இரண்டாம் வகை விதி சமுதாயத்தைக் காட்டும். ஆகவே, யார் ஆடினர், யார் பார்த்தனர், யார் வெளியே நின்றனர் என்னும் மூன்று வினாக்களை மாணவர் கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் தாமே வரலாற்றுக்குள் நுழைந்துவிடுவர்.

முதலில் நாட்டின் நிலையைச் சுருக்கமாகக் காண்போம். அயர்லாந்து 32 மாவட்டங்களைக் கொண்ட தீவு. 1801 முதல் அது பிரிட்டனோடு ஒரே அரசாக இணைக்கப்பட்டிருந்தது. மக்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். நிலக்கிழார்களுள் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு சமயத்தினர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடிய நோய் தாக்கியது. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அத்தொகைக்குக் குறையாதோர் கப்பலேறி நாட்டை விட்டு அகன்றனர். ஊர்கள் வெறிச்சோடியபோது ஊர் ஆட்டங்களும் ஒடுங்கின. ஆடுவதற்கு ஆள் வேண்டுமன்றோ?

அக்காலத்தில் கிரிக்கெட் அயர்லாந்தின் பல மாவட்டங்களில் பரவியிருந்தது. நிலக்கிழாரின் மாளிகைப் புல்வெளியில் அவருடைய மைந்தரும், அவருக்குக் குத்தகை செலுத்திய உழவர் மைந்தரும் ஒருங்கே ஆடியதுண்டு. ஐரிஷ் மக்களின் பெருந்தலைவராக விளங்கிய பார்னலும் கிரிக்கெட் ஆட்டத்தில் பெருவிருப்பம் உடையவரே. ஆனால் 1879-இல் நிலப்போராட்டம் மூண்டது. குத்தகைக் குடிகளும் நிலக்கிழாரும் பகைத்து நின்றனர். புல்வெளியில் கூடி ஆடிய உறவு முறியலாயிற்று. ஓட்டப் போட்டிகளின் நிலையும் நன்றாக இல்லை. கனவான்களுக்கென வகுத்த ஆங்கில விதிகளைத் தழுவிய போட்டிகளில் கைத்தொழிலாளரும் கூலிவேலை செய்வோரும் இடம்பெற இயலவில்லை. வலிய கால் இருந்தும் வாயிலில் நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

இந்நிலையில் மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியர் தோன்றினார். அவரே கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர். எனினும் தம் நாட்டுக்குரிய ஆட்டங்கள் அழிவதைக் கண்டு வருந்தினார். புகழ்பெற்ற வீரரான மாரிஸ் டேவினும் அவருடன் சேர்ந்தார். டிப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் நகரில் ஒரு விடுதியில் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஒரு சிலர் கூடினர். அன்று பிறந்ததே கேலிக் விளையாட்டுக் கழகம். கூடிய அச்சிலருள் ஒருவர் காவல்துறை அதிகாரி. இதனை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் இது பயன்படும்.

கழகம் வளர்த்த ஆட்டங்களுள் தலையாயது ஹர்லிங். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்று வளைந்த கோலால் சிறு பந்தை அடித்து ஆடுவது அது. ஒரு பக்கத்திற்கு 15 பேர். கம்பங்களுக்கு இடையே, குறுக்குச் சட்டத்தின் மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. சட்டத்தின் கீழே வலைக்குள் புகுந்தால் மூன்று புள்ளி. கேலிக் கால்பந்துக்கும் 2024 வரை இக்கணக்கே நெடுங்காலம் இருந்தது. அதில் பந்தைக் கையாலும் எடுக்கலாம்.

ஆயினும், ஆட்டத்தின் சிறப்பைக் காட்டிலும் கழகத்தின் அமைப்பே நாம் கருதத்தக்கது. கத்தோலிக்க நாடுகளில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்த வட்டாரத்தைப் பங்கு என்பர். பங்குதோறும் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்து ஒரு மாவட்டம், மாவட்டங்கள் மோதும் நாடளாவிய போட்டி என்று கழகம் வகுத்தது. ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் வைத்தது; உழவனுக்கும் கூலியாளுக்கும் ஓய்வு கிடைத்த நாள் அது ஒன்றே. ஞாயிறன்று விளையாடுதல் ஆகாது என்று கருதிய புராட்டஸ்டண்டு மக்கள் பலருக்கு அதே ஏற்பாடு தடையாயிற்று. ஒருவனுக்குத் திறந்த கதவு மற்றொருவனுக்கு மூடிய கதவாக அமைவது வரலாற்றில் அடிக்கடி காணும் காட்சி. பேராயர் குரோக்கும் பார்னலும் கழகத்தின் புரவலர் ஆயினர். சமயமும் அரசியலும் ஆட்டமும் ஒரே மேடையில் அமர்ந்தன.

ஆட்டம் விடுதலை உணர்வின் அடையாளம் ஆனபின், ஆட்சியாளர் அதனை ஐயுற்று நோக்கியதில் வியப்பில்லை. விடுதலைப் போரின்போது, 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஞாயிறு காலை, டப்ளின் நகரில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலரை மைக்கேல் காலின்சின் ஆட்கள் சுட்டுக் கொன்றனர். அன்று மாலை, பேராயர் குரோக்கின் பெயரால் வழங்கும் குரோக் திடலில் டப்ளினும் டிப்பரேரியும் கால்பந்து ஆடின. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் அரசுப் படையினர் புகுந்து கூட்டத்தின்மீது சுட்டனர். 14 பேர் மாண்டனர். டிப்பரேரி வீரர் மைக்கேல் ஹோகன் களத்திலேயே வீழ்ந்தார். 10 வயதும் 11 வயதும் 14 வயதும் ஆன மூன்று சிறுவர் இறந்தோருள் இருந்தனர். திருமணத்திற்குச் சில நாட்களே இருந்த ஒரு பெண்ணும் உயிர் துறந்தாள். அத்திடலில் ஒரு பார்வையாளர் மாடத்திற்கு இன்றும் ஹோகனின் பெயரே வழங்குகிறது. இந்நிகழ்ச்சியைக் கற்பிக்கும்போது காலையை மறைத்து மாலையை மட்டும் கூறுதலும், மாலையை மறைத்துக் காலையை மட்டும் கூறுதலும் முறையல்ல. இரண்டையும் கூறிய பின்னரும், ஆட்டம் பார்க்க வந்த சிறுவன் செய்த குற்றம் என்ன என்ற வினா எஞ்சி நிற்கும். அதனை மாணவர் உள்ளத்தில் நிற்க விடுதல் நன்று.

1922-இல் 26 மாவட்டங்கள் தன்னாட்சி பெற்றன. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. ஆட்சி மாறியது, வாயிலில் நின்ற விதி மாறவில்லை. சாக்கர் எனப்படும் ஆங்கிலக் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகியவற்றைக் கழக உறுப்பினர் ஆடலாகாது; பார்க்கவும் ஆகாது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு தடை ஏற்பட்டிருந்தது. அத்தடையை மீறுவோரைக் கண்டறியக் கண்காணிப்புக் குழுக்களும் இருந்தன. வட அயர்லாந்துக் காவல்துறையினர்க்கும் பிரிட்டிஷ் படையினர்க்கும் கழகத்தில் இடமில்லை என்பது மற்றொரு தடை. தொடக்கக் கூட்டத்தில் ஒரு காவல் அதிகாரி அமர்ந்திருந்தார் என்று முன்னர்க் கூறினேன் அன்றோ? நிறுவியோருள் ஒருவரே பின்னாளில் வாயிலில் நிறுத்தப்பட்டிருப்பார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

டக்ளஸ் ஹைடு என்பவரின் வரலாறு இதனினும் வியப்புடையது. புராட்டஸ்டண்டுக் குருவின் மகனாகப் பிறந்த அவர், அழியும் நிலையில் இருந்த ஐரிஷ் மொழியைக் காக்கத் தம் வாழ்நாளையே செலவிட்டவர். 1893-இல் கேலிக் மொழிக் கழகத்தை நிறுவியவருள் தலையானவர். 1938-இல் அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவரானார். அந்நிலையில் விளையாட்டுக் கழகத்தின் புரவலராகவும் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அயர்லாந்தும் போலந்தும் ஆடிய சாக்கர் ஆட்டத்திற்கு நாட்டின் தலைவர் என்ற முறையில் சென்றார். அடுத்த மாதமே கழகம் அவரைப் புரவலர் பதவியினின்று நீக்கியது. மொழியைக் காத்தவர் பந்தாட்டம் பார்த்ததனால் அயலார் போல் ஆனார்!

இவ்விடத்தில் மாணவரை இரு பிரிவாக்கி வாதிடச் செய்யலாம். தடையை ஆதரிப்போர் கூறத்தக்கது உண்டு. வல்லரசின் நிழலில் வாழும் சிறு நாடு தன் ஆட்டங்களைக் காக்கச் சிறிது கடுமை காட்டாவிடின் அவை அழிந்திருக்கும் என்பர். எதிர்ப்போர் கூறத்தக்கதும் உண்டு. அன்பினால் வளர வேண்டிய ஆட்டத்தை அச்சத்தினால் காத்தல் எத்தனை நாள் நடக்கும் என்பர். இரு பக்கமும் நேர்மையாக வாதிட்ட மாணவன், விடுதலை பெற்ற எந்த நாட்டின் சிக்கலையும் புரிந்துகொள்ளும் தகுதி பெறுகிறான்.

இனி வானொலியைப் பற்றிச் சிறிது கூறுவேன். அயர்லாந்தின் வானொலி நிலையம் 1926 சனவரி முதல் நாள் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், கில்கெனியும் கால்வேயும் ஆடிய ஹர்லிங் ஆட்டத்தின் நேர்முக வருணனை ஒலிபரப்பாயிற்று. ஐரோப்பாவிலேயே களத்திலிருந்து நேராக வந்த முதல் வருணனைகளுள் அது ஒன்று. 1938-இல் 18 வயதே நிரம்பிய மைக்கேல் ஓஹேர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். அக்குரல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாட்டையே கட்டியாண்டது. மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டி ஒரு வீட்டிலோ இரு வீட்டிலோ இருக்கும். ஆட்ட நாளில் அவ்வீட்டார் சன்னலைத் திறந்து வைப்பர். அண்டை அயலார் முற்றத்தில் கூடி நின்று கேட்பர். தன் ஊரை விட்டு அகலாத முதியவளும் தொலைவான மாவட்டங்களின் பெயர்களையும் வீரர்களையும் அறிந்தாள். நாடு ஒன்று என்னும் உணர்வைப் பாடநூலினும் விரைவாகப் பரப்பியது அவ்வொலி.

1947-ஆம் ஆண்டு கால்பந்து இறுதியாட்டம் அயர்லாந்தில் நடைபெறவில்லை. கடல் கடந்து நியூயார்க்கில் நடந்தது. பஞ்சம் மிகக் கொடுமையாக இருந்த 1847-க்குப் பின் நூறாண்டு நிறைந்த ஆண்டு அது. பஞ்சத்திற்கு அஞ்சி ஓடியோரின் வழித்தோன்றல்கள் வாழும் நகரில் கேவனும் கெர்ரியும் மோதின, கேவன் வென்றது. குறித்த நேரம் கடந்து ஆட்டம் நீண்டதால், தொலைபேசி இணைப்பு அறுந்துவிடும் நிலை வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று ஓஹேர் வருணனையின் நடுவிலேயே வேண்டிக்கொண்டார். இணைப்பு அறவில்லை, தாயகம் முடிவைக் கேட்டது. புலம்பெயர்ந்தோர்க்கும் தாயகத்திற்கும் இடையே இருந்த உறவை விளக்க இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

பெயர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1951-க்கும் 1961-க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் அயர்லாந்தை விட்டு அகன்றனர். 1961-இல் குடியரசின் மக்கள்தொகை 28 இலட்சமே. ஒரு குழுவுக்கு 15 இளைஞரைச் சேர்க்கவும் திணறிய பங்குகள் இருந்தன. ஆடுவோர்க்கு ஊதியமும் இல்லை. ஹர்லிங் வீரருள் ஈடிணையற்றவராகக் கருதப்படும் கிறிஸ்டி ரிங், எண்ணெய் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஞாயிறன்று பல்லாயிரவர் ஆரவாரத்தில் ஆடிவிட்டுத் திங்களன்று வண்டி ஏறினார். 1941 முதல் 1946 வரை ஆண்டுதோறும் வெற்றிப் பதக்கம் பெற்ற ஜாக் லிஞ்ச், 1966-இல் நாட்டின் பிரதமரானார். ஓட்டுநரும் வழக்கறிஞரும் ஒரே குழுவில் நின்றமை அந்த ஆட்டங்களின் பெருமை.

யார் வெளியே நின்றனர் என்னும் வினாவுக்குப் பெண்கள் என்பது பெரியதொரு விடை. ஹர்லிங்கை ஒத்த கமோகி என்னும் ஆட்டத்தைப் பெண்கள் 1904 முதல் ஆடினர் எனினும், பொதுக்களம் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. ஆடவர் போட்டிகள் நடக்கும் களத்திலேயே பெண்களுக்கும் ஓட்டப் போட்டி வைக்கலாம் என்று 1934-இல் ஒரு முடிவு எழுந்தபோது, அது நாணத்திற்கு ஒவ்வாது என்று கண்டித்தார் ஜான் சார்லஸ் மக்வெய்டு என்னும் குரு. அம்முடிவு கைவிடப்பட்டது. பின்னர் அவரே டப்ளின் பேராயரானார். அரசுப் பணியில் இருந்த பெண் மணம் புரிந்தவுடன் பதவியை விட வேண்டும் என்ற விதி 1973 வரை அந்நாட்டில் நிலவியது. அலுவலகக் கதவையும் ஆடுகளக் கதவையும் மூடியது ஒரே கைதான் என்று மாணவர் எளிதில் உணர்வர்.

அப்பேராயரின் செல்வாக்குக்கும் எல்லை உண்டு என்பதை 1955 காட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் யூகோஸ்லாவியக் குழு டப்ளினுக்கு வந்தது. அந்நாட்டுப் பொதுவுடைமை அரசு ஒரு பேராயரைச் சிறையிட்டிருந்ததால், அந்த ஆட்டம் நடத்தலாகாது என்றார் மக்வெய்டு. குடியரசுத் தலைவர் வரவில்லை. வானொலி வருணனையாளர் விலகினார். படை இசைக்குழு வரவில்லை. ஆனால் 20,000-க்கு மேற்பட்ட மக்கள் வந்தனர்! அயர்லாந்து தோற்றது. எனினும் மக்கள் மனத்தில் ஒரு மாற்றம் அரும்பியிருந்ததை நுழைவுச் சீட்டின் எண்ணிக்கை சொல்லிவிட்டது.

வடக்கின் கதை வேறு. பெல்பாஸ்ட் செல்டிக் என்னும் குழுவைக் கத்தோலிக்க மக்கள் தம்முடையதாகக் கொண்டாடினர். 1948 டிசம்பர் 27-ஆம் நாள், புராட்டஸ்டண்டு மக்களின் ஆதரவு பெற்ற லின்பீல்டு குழுவுடன் ஆடியபோது, கூட்டத்தினர் களத்திற்குள் பாய்ந்து செல்டிக் வீரரைத் தாக்கினர். ஜிம்மி ஜோன்ஸ் என்னும் இளைஞரின் கால் முறிந்தது. அவர் புராட்டஸ்டண்டு சமயத்தவர்! சட்டையின் நிறத்தைக் கண்ட சினம், உள்ளே இருந்த மனிதனைக் காணவில்லை. மறு ஆண்டு அக்குழு அப்போட்டித் தொடரினின்றே விலகிவிட்டது.

இதற்கு மாறாக, ரக்பியில் வடக்கும் தெற்கும் ஒரே குழுவாகவே நின்றன. அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 1954-இல் பெல்பாஸ்ட் ஆட்டத்திற்கு முன், பிரிட்டிஷ் அரசியை வாழ்த்தும் கீதத்திற்கு எழுந்து நிற்கத் தெற்கு வீரர் தயங்கினர். அதன்பின் 2007 வரை அக்குழு பெல்பாஸ்டில் ஆடவில்லை. வடக்கில் குண்டும் துப்பாக்கியும் முழங்கிய 1972-இல், ஸ்காட்லாந்தும் வேல்சும் டப்ளின் வர மறுத்தன. 1973-இல் இங்கிலாந்துக் குழு துணிந்து வந்தது. அவர்கள் களம் புகுந்தபோது டப்ளின் மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

வாயில்கள் மெல்ல மெல்லத் திறந்தன. கல்வி பரவியது, 1961 இறுதியில் தொலைக்காட்சி வந்தது, தடுக்கப்பட்ட ஆட்டத்தை மக்கள் வீட்டிலிருந்தே கண்டனர். அயல் ஆட்டத் தடையை 1971-இல் பெல்பாஸ்டில் கூடிய கழகமே நீக்கியது. 1974-இல் பெண்கள் கால்பந்துக் கழகம் தோன்றியது. 2019-இல் அதன் இறுதியாட்டத்தைக் காண 56,114 பேர் குரோக் திடலில் கூடினர். 1988-இல் அயர்லாந்தின் சாக்கர் குழு இங்கிலாந்தை வென்றது. பயிற்றுநர் ஜாக் சார்ல்டன் ஓர் ஆங்கிலேயர். பந்தை வலைக்குள் செலுத்திய ரே ஹவ்டன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வேலை தேடிச் சென்றோரின் மக்கள், தந்தையர் நாட்டுக்காக ஆடித் திரும்பினர். அதே பயிற்றுநரின் குழு 1990 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை சென்றது.

1998-இல் வடக்கில் அமைதி உடன்பாடு கண்டது. 2001-இல் காவலர் மீதிருந்த தடை நீங்கியது. 2005-இல் குரோக் திடலைப் பிற ஆட்டங்களுக்கும் திறக்கக் கழகம் இசைந்தது. அவ்வாண்டு ஹர்லிங் கோப்பையை வென்ற கார்க் குழுவின் தலைவர் ஷான் ஓக் ஓ ஹால்பின். அவருடைய தாய் பிஜித் தீவுகளைச் சேர்ந்தவர். அவர் வெற்றியுரை ஆற்றியதோ ஐரிஷ் மொழியில். 2007 பிப்ரவரி 24-ஆம் நாள், 1920-இல் குருதி சிந்திய அதே திடலில் இங்கிலாந்து ரக்பி குழு வந்து நின்றது. பிரிட்டிஷ் நாட்டுக் கீதம் ஒலித்தது. கூட்டம் அமைதியாக நின்று மதிப்பளித்தது. பின்னர் அயர்லாந்து 43-13 என்று வென்றது. மறந்ததனால் வந்த அமைதியன்று அது. நினைவை வைத்துக்கொண்டே பகையை விட்ட அமைதி. நிலக்கிழார் ஆட்டம் என்று ஒதுங்கிய கிரிக்கெட்டும் மீண்டது. 2011-இல் நம் பெங்களூரில் அயர்லாந்து இங்கிலாந்தை வென்றதை இளைஞர் பலர் அறிவர். 2017-இல் அதற்கு டெஸ்ட் தகுதியும் கிட்டியது.

இம்முறையில் கற்பிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு பொருள் உண்டு என்று வலிந்து கூறலாகாது. ஆடுவோருட் பெரும்பாலோர் மகிழ்ச்சிக்காகவே ஆடினர். தடையை ஆதரித்தவன் எல்லாம் வெறுப்புடையவனும் அல்லன்; மீறியவன் எல்லாம் சீர்திருத்தக்காரனும் அல்லன். மேலும், விளையாட்டு சமுதாயத்தைக் காட்டுவதோடு நில்லாமல் அதனை உருவாக்கவும் செய்கிறது. பங்குக்கு ஒரு குழு என்று வகுத்த விதியே, ஊர்தோறும் கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் உழவர்க்குப் பயிற்சி தந்தது.

மாணவ நண்பர்களே, நான் கூறிய மூன்று வினாக்களும் அயர்லாந்துக்கு மட்டும் உரியன அல்ல. உங்கள் ஊரில் எந்த ஆட்டத்தை யார் ஆடுகின்றனர் என்று பாருங்கள். முதியோரிடம் அவர்கள் காலத்து ஆட்டங்களைக் கேட்டு எழுதுங்கள். பழைய பள்ளிக் குழுவின் நிழற்படம் கிடைத்தால், அதில் நிற்போரை எண்ணுவதோடு, அதில் இல்லாதவர் யாவர் என்றும் சிந்தியுங்கள். வாயிலில் நிற்கும் விதி ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு காரணம் பற்றி மனிதர் இயற்றியதே. காரணம் மறைந்த பின்னும் விதி நிற்குமாயின், அதனை மாற்ற வல்லவரும் மனிதரே. அயர்லாந்து மக்கள் அதற்கு நீண்ட காலம் எடுத்துக்கொண்டனர். ஆயினும் செய்து முடித்தனர்.